கூடி வாழ்தலைக் குறிக்கும் சொற்கள்

ஆண்டுதோறும் நாம் விழா எடுக்கின்றோம், மலர் வெளியிடுகின்றோம், மலரின் முகப்பிலே 'தமிழ்ச் சங்கம்' என்று பெரிய எழுத்திற் பொறிக்கின்றோம். அச்சொல்லின் பொருள் யாது என்று எவரேனும் வினவினால், விடை கூற நம்முட் பலர் சற்றே தயங்குவர். சென்ற ஆண்டு விழாப் பந்தலின்கீழ் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, பள்ளிச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "தாத்தா, நாம குடியிருக்கிறது காலனி, நீங்க பழைய கதையில சொல்றது யூனியன், இங்க எழுதியிருக்கிறது சங்கம். இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?" என்று கேட்டாள். அன்று எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. இக்கட்டுரை அச்சிறுமிக்கு நான் பட்ட கடன்.

மனிதர் தனித்து வாழ்வதில்லை. கூடுவர், கூடிப் பேசுவர், பேசி ஒரு முடிவு காண்பர், முடிவைச் செயற்படுத்தச் சிலரைத் தேர்ந்தெடுப்பர். இந்நான்கு செயல்களையும் குறிக்கத் தமிழில் தோன்றிய சொற்கள் மிகப் பல. அவற்றின் வரலாறே நம் முன்னோர் கூடி வாழ்ந்த வரலாறு எனலாம்.

மன்றும் பொதியிலும்

ஊரின் நடுவே மரநிழலில் அமைந்த பொதுவிடத்தைப் பண்டைத் தமிழர் மன்று என்றும் மன்றம் என்றும் வழங்கினர். அங்கே வழக்குத் தீர்த்தனர், கூத்தாடினர், வழிப்போக்கர் தங்கினர், மாலையில் ஆநிரை வந்து நின்றது. சுவரும் கதவும் இல்லாத இடம் அது. இச்சொல் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றதன்று. குடகு நாட்டில் ஊர்ப் பொதுத்திடலை இன்றும் 'மந்து' என்பர். நீலகிரித் தோதவரின் குடியிருப்பு 'மந்து' எனப்படும். இவை அனைத்தும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்.

மன்றத்திற்கு அடுத்தது பொதியில். பொது, இல் என்னும் இரு சொற்களும் இணைந்து பொதியில் ஆயிற்று. எவர் ஒருவர்க்கும் உரிமையில்லாது எல்லார்க்கும் உரிய இல்லம் என்பது அதன் பொருள். அம்பலம் என்பதும் பலர் கூடும் வெளியே. மறைந்திருந்த செய்தி பலரறிய வெளிப்பட்டால் 'அம்பலத்துக்கு வந்தது' என்று இன்றும் நாம் கூறுவது அப்பழம்பொருளின் எச்சம். தில்லையில் இறைவன் ஆடும் இடத்தையும் தமிழர் அம்பலம் என்றே பெயரிட்டழைத்தனர்.

கூடுதல் என்னும் வினையிலிருந்து கூட்டம், கூட்டு, கூடம் முதலிய சொற்கள் கிளைத்தன. மதுரை மாநகர்க்கே கூடல் என்று பெயர் அமைந்தது. நம் அண்டை வீட்டுக் கன்னட அன்பர்கள் தம் அமைப்பைக் 'கூட' என்றழைப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். அதுவும் இதுவும் ஒரே வேரின. வேற்றுமொழி பேசுவோரிடையே குடியேறினோம் என்று நாம் எண்ணுகின்றோம். கூடுதற்குரிய சொல்லில் இரு மொழியினரும் முன்னமே கூடியிருக்கின்றனர்.

அவையும் வாரியமும்

அவை என்னும் சொல் வடமொழிச் சபா என்பதன் திரிபு என்று மொழியியலார் பலர் கூறுவர். எவ்வாறாயினும் அது மிகப் பழங்காலத்திலேயே தமிழ் உருப் பெற்றுவிட்டது. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் இதற்கென அமைந்துள்ளன. கூட்டத்தின் தன்மை அறிந்து பேசுவதும், கூட்டத்தின்முன் அஞ்சாது நிற்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய கலைகள் என்பது வள்ளுவர் கருத்து.

சோழர் காலத்திற் கூட்டமைப்புகள் பலவகைப்பட்டன. வேளாளர் ஊர்களின் கூட்டம் 'ஊர்' எனப்பட்டது. பார்ப்பனர் ஊர்களில் 'சபை' இருந்தது. வணிகர் கூட்டம் 'நகரம்' எனப் பெயர் பெற்றது. பல ஊர்கள் சேர்ந்தது 'நாடு'. இன்று நாம் நிலப்பரப்பைக் குறிக்க வழங்கும் ஊர், நகரம், நாடு என்னும் சொற்கள் அன்று மக்கள் கூட்டத்தையும் குறித்தன என்பது எண்ணி மகிழத்தக்கது. நிலம் ஊரன்று; கூடியவரே ஊர்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாதார் இலர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். இதுவே குடவோலை முறை. தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றில் ஓராண்டுக் காலம் பணியாற்றினர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்குரியர் அல்லர். அவ்வாரியம் என்னும் சொல்லே ஆயிரம் ஆண்டுகட்குப் பின் மின்சார வாரியம், குடிநீர் வாரியம் என்று நம் நாவில் வழங்குகின்றது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. கோலார் வட்டாரம் அக்காலத்துக் குவளால நாடு. சோழர் ஆட்சியில் நிகரிலிச் சோழ மண்டலத்தைச் சார்ந்தது. கோலாரம்மை கோயிலிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1905ஆம் ஆண்டில் வெளிவந்த கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டுவார் அவற்றைக் காணலாம். தங்கச் சுரங்கத்திற்கு ஆள் வேண்டி நம் பாட்டனார் வண்டி ஏறி வருவதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்பே இம்மண்ணிற் தமிழ் எழுத்து நின்றது.

ஆயினும், உண்மை ஒன்றை மறைத்தல் முறையன்று. உத்தரமேரூர்ச் சபையில் இடம்பெறுதற்குச் சொந்த நிலத்தில் வீடு வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். உழுத கைக்கு அங்கே ஓலை இல்லை. குடத்திற் பெயர் விழாதோர் அவ்வூரிற் பலர். அவர் வழித்தோன்றல்கள் போன்றோரே பின்னாளில் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து இத்தங்கவயலுக்கு வந்து குடியேறினர்.

சங்கம்

இனி, நம் முகப்பிலே உள்ள சொல்லுக்கு வருவோம். சங்கம் என்பது 'ஒன்றாகச் சேர்தல்' என்னும் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. அதனைப் பரப்பியவர் பௌத்தரும் சமணரும் ஆவர். புத்தம், தன்மம், சங்கம் என்னும் மும்மணிகளை மணிமேகலை பேசும். சாதி வேறுபாடின்றித் துறவிகள் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறைந்து, ஒன்றாக முடிவு செய்த அமைப்பிற்கே அப்பெயர் முதலில் அமைந்தது. 470ஆம் ஆண்டளவில் வச்சிரநந்தி என்னும் சமணர் மதுரையில் திரமிள சங்கம் நிறுவினார் என்று சமண நூல் ஒன்று கூறும்.

நாம் சங்க இலக்கியம் என்று போற்றும் பாடல்களில், புலவர் கூட்டத்தைக் குறிக்கச் சங்கம் என்னும் சொல் வழங்கவில்லை. ஆங்குப் புணர்கூட்டு, அவை முதலிய சொற்களே வழங்கின. பின்னர் எழுந்த அப்பர் தேவாரத்திலும் சின்னமனூர்ச் செப்பேட்டிலும் மதுரைச் சங்கம் பேசப்படுகின்றது. முச்சங்க வரலாற்றை விரித்துரைப்பது இறையனார் அகப்பொருள் உரை. ஆகவே, துறவியர் கூட்டத்தின் பெயர் புலவர் கூட்டத்தின் பெயராயிற்று. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோதும், 1911இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபோதும் அச்சொல் புத்துயிர் பெற்றது.

இத்தங்கவயலில் அச்சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அச்சங்கத்தின் கிளைகள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் வேரூன்றின. பண்டிதரின் நூல்கள் பலவற்றை அச்சிட்டுக் காத்தவர் இங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பத்தினரே. பகலெல்லாம் பாறை உடைத்தவர் இரவிலே அமர்ந்து சொல்லின் பொருளை ஆராய்ந்தனர். மதுரையிற் புலவர் ஏறிய சங்கத்தில், மாரிகுப்பத்தில் உழைப்பாளர் ஏறினர். துறவியர் சாதி பாராது கூடிய பழம்பொருள் அச்சொல்லுக்கு மீண்டும் இங்கே வாய்த்தது.

ஏறிய சொல்லும் இறங்கிய சொல்லும்

சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. கழகம் என்னும் சொல்லைக் காண்க. திருக்குறளில், சூது என்னும் அதிகாரத்தில், கழகம் என்பது சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது. அங்கே காலம் கழிப்பவன் செல்வமும் பண்பும் இழப்பான் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. கம்பர் காலத்திலோ கழகம் கலை பயிலும் இடமாக உயர்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் 1920இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் எழுந்தது. 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம் பெயர் பெற்றது. பல்கலைக்கழகம் என்று கல்வியின் தலைவாயிலுக்கே அச்சொல்லைச் சூட்டினோம். சூதாடு களம் பல்கலைக்கழகமாயிற்று. சொல்லின் ஏற்றத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, இறங்கிய சொல் ஒன்றைக் காண்போம். அது சேரி. சேர்ந்து வாழுமிடம் சேரி என்பது தமிழர் வழிவழியாகக் கூறும் பொருள். உத்தரமேரூர்க் கல்வெட்டில் அப்பார்ப்பன ஊரின் தெருத்தொகுதிகளே சேரி எனப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள இராசராசன் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எனப் பலவும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் சேரி என்பது பொதுச்சொல். எவர் சேரி என்று முன்னே ஒரு சொல் சேர்த்தாலன்றி ஆள் விளங்காது. நாளடைவில் ஏனையோர் தம் இருப்பிடத்தைத் தெரு என்றும் அக்கிரகாரம் என்றும் ஊர் என்றும் அழைத்துக்கொண்டனர். விலக்கப்பட்டோர்க்குச் சேரி மட்டும் எஞ்சியது. பின்னர் ஊர் வேறு, சேரி வேறு என்றாயிற்று.

மொழியியலார் சேரியைக் கன்னடத்துக் 'கேரி'யோடு இணைப்பர். செவி கன்னடத்தில் கிவி ஆதல் போலச் சேரி ஆங்குக் கேரி. கன்னடத்திற் கேரி என்றால் தெரு என்பதே பொதுப்பொருள். குடகின் தலைநகர் மடிகேரி எனப் பெருமையுடன் வழங்குகின்றது. ஒரே சொல், ஓரிடத்தில் தலைநகரின் பெயர், மற்றோரிடத்தில் இழிசொல். இழிவு சொல்லில் இருந்ததன்று, சொன்னவர் மனத்தில் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அச்சிறுமி கேட்ட காலனி என்னும் சொல்லும் இத்தகையதே. இலத்தீன் மொழியில் உழவனைக் குறித்த சொல்லடியாகத் தோன்றி, உரோமர் புதிதாகக் குடியேறிய ஊரைக் குறித்தது. பின்னர் ஐரோப்பியர் அடிமைப்படுத்திய நாடுகளின் பெயராயிற்று. நம் நாட்டில் அலுவலர் குடியிருப்பும் காலனி. வீட்டுவசதித் திட்டமும் காலனி. ஆயினும் தமிழகச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு அரசு வீடு கட்டிக் காலனி என்று பெயரிடவே, சேரியின் சுமை அச்சொல்லின் தோளுக்கும் மாறியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அறிவிப்பு நன்றே. எனினும் வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. பெயரை மட்டும் மாற்றினால் பழைய இழிவு புதிய பெயரிலும் குடியேறிக்கொள்ளும். மனம் மாறினாலோ பழைய பெயரும் மாசு நீங்கி விளங்கும். கழகம் ஏறியது போலச் சேரியும் ஏறக்கூடும்.

கம்பெனியும் யூனியனும்

1873இல் மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்தியர் மைசூர் அரசிடம் உரிமை பெற்று இங்கே பொன் தேடினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். அது முதல் நம் முன்னோர் வாயில் 'கம்பெனி' என்னும் சொல் ஏறியது. கம்பெனி வீடு, கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி சங்கு என எல்லாம் கம்பெனி. அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் நகைப்பும் துயரமும் ஒருங்கே தோன்றும். இலத்தீன் மொழியில் 'ஒன்றாக ரொட்டி உண்பவர்' என்பது அதன் பொருள். கம்பெனித் துரைமார் பங்களாவில் உண்டனர். சுரங்கத் தொழிலாளி 3 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பத்தில் வெந்து தூக்குச்சட்டியைத் திறந்தான். பெயரளவிற்கூட ஒரே பந்தி இல்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இம்மண் கொடுத்த பொன் 800 டன்னுக்கு மேற்பட்டது.

யூனியன் என்பது ஒன்று எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. தமிழர் அதற்குச் சங்கம் என்னும் பழஞ்சொல்லையே தேர்ந்தெடுத்தனர். 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமே இந்நாட்டுத் தொழிற்சங்கங்களின் முன்னோடி. திரு.வி.க. போன்ற பெரியோர் அதிற் பணியாற்றினர். இங்கோ, மைசூர் அரசின் ஆட்சியில் தொழிற்சங்கத்தை ஏற்கும் சட்டம் அப்போது இல்லை. எனினும் 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் அனைவரும் விரல்ரேகை பதிவு செய்யவேண்டும் என்ற ஆணை வந்தபோது, குற்றவாளிகளைப் போல நம்மை நடத்துவதா என்று சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். மூன்று வாரம் அவ்வொற்றுமை நிலைத்தது. பதிவு பெற்ற சங்கம் இல்லை, செயலாளர் இல்லை, முத்திரை இல்லை. ஆயினும் சங்கம் இருந்தது. பெயர் பின்னர் வந்தது. கூடுதல் முன்னர் நிகழ்ந்தது. 1940களில் சட்டம் இடந்தரவே தொழிற்சங்கங்கள் முறையாக எழுந்தன. 1946ஆம் ஆண்டுப் போராட்டத்தில் தொழிலாளர் சிலர் உயிரையும் ஈந்தனர்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் நடுவணரசுக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்தது. சயனைட் மண்மேடுகள் மட்டும் எஞ்சின. இன்று நம் இளைஞர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவிலே திரும்புகின்றனர். பலர் அங்கேயே தங்கிவிட்டனர். லைன் வீடுகள் பல பூட்டிக்கிடக்கின்றன.

சமுகம், சமூகம், சமுதாயம்

நிறைவாக ஒரு செய்தி. பழைய விண்ணப்பங்களிலே 'மகாராஜா அவர்கள் சமுகத்திற்கு', 'துரையவர்கள் சமுகத்திற்கு' என்று எழுதுவது வழக்கம். அச்சமுகம் 'எதிரே இருக்கும் முகம்', அதாவது பெரியவர் ஒருவரின் முன்னிலை எனப் பொருள்படும். சமூகம் என்பதோ 'திரள்' எனப் பொருள்படும் வேறு சொல்லின் வழி வந்தது. ஒலியிலே நெருங்கிய இவ்விரு சொற்களும் பொருளிலே எதிரெதிர் நிற்பன. முன்னது ஒருவர்முன் பலர் கைகட்டி நிற்பது. பின்னது பலரும் தோளோடு தோள் நிற்பது. நம் பாட்டனார் துரை சமுகத்திற்கு மனு எழுதத் தொடங்கினர்; நம் தந்தையர் சமூகமாக நின்று முடித்தனர். ஒரு குறிலை நெடிலாக்குதற்கு அவர்க்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

சமுதாயம் என்னும் சொல்லுக்கோ 'ஒருங்கே மேலெழுதல்' என்பது பகுதிப்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்ப் பதிவுகளில், நிலத்தைப் பிரிக்காது ஊரார் பொதுவிற் பயிரிட்ட கிராமங்களைச் சமுதாயக் கிராமங்கள் என்றனர். இன்று அது மக்கள் கூட்டம் முழுவதையும் குறிக்கின்றது. இப்பொருளைத் தங்கவயலார்க்கு அகராதி காட்டி விளக்க வேண்டுவதில்லை. சுரங்கக் கூண்டிலே நம் முன்னோர் ஒருங்கே இறங்கினர், ஒருங்கே ஏறினர். பாறை வெடித்து உள்ளே ஒருவர் சிக்கினால், மேலே நின்ற அனைவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அவர்க்குள் மொழி வேறு, சாதி வேறு, சமயம் வேறு. கூண்டு ஒன்று.

அச்சிறுமிக்கு இப்போது விடை கூறுவேன்: "அம்மா, காலனி என்பது நாம் வாழும் இடம். யூனியன் என்பது நம் உரிமைக்காக நாம் ஒன்றானது. சங்கம் என்பது, வேலையும் கூலியும் போன பின்னும் நாம் ஒன்றாகவே இருப்பது. முதலிரண்டும் மூடப்படலாம், மூன்றாவது நாம் கூடும் வரையில் மூடப்படாது."

ஆதலின், பெங்களூரிலும் பிற ஊர்களிலும் பரந்து வாழும் நம் மக்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பந்தலுக்கு வருவாராக. பிள்ளைகளை உடனழைத்து வருவாராக. பெயர்ப்பலகை சங்கம் ஆகாது; கட்டடம் சங்கம் ஆகாது. மன்றத்திற்குச் சுவர் இல்லை என்று முன்னரே கண்டோம். கூடுவோரே சங்கம்.